கூடுவாஞ்சேரியா, செங்கல்பட்டா, திருவள்ளூரா?

கேள்வி: எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் காலை 9 மணிக்கு வேலை. மனைவிக்கு எழும்பூரில் 10 முதல் 6 வரை. பெண்ணுக்கு 7 வயது, பையனுக்கு 4. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள அம்மா எங்களோடு இருக்கிறார். ஆதம்பாக்கத்தில் ₹18,000 வாடகை கொடுக்கிறோம். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு ₹83,000 வருகிறது. சேமிப்பு ₹12 லட்சம். மூன்று வீடுகள் பார்த்திருக்கிறோம். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து 4 கி.மீ. தள்ளி, கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ₹46 லட்சம். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், கட்டி முடித்த புது ஃபிளாட் ₹38 லட்சம். திருவள்ளூர் அருகே மனையோடு வீடு கட்டித் தருவதாக ₹34 லட்சம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' இருக்கிறதாம். கூடுவாஞ்சேரிக்காரர்கள் இந்த மாதக் கடைசிக்குள் ஒரு லட்சம் டோக்கன் கேட்கிறார்கள். எதை எடுப்பது? — ஆதம்பாக்கம் வாசகர்

பதில்: திருவள்ளூரை முதலில் கழித்துவிடலாம். ஊர் மோசம் என்பதால் இல்லை, உங்கள் இருவர் வேலையும் அந்தப் பாதையில் இல்லை என்பதால். திருவள்ளூர், அரக்கோணம் லோக்கல்களில் பெரும்பாலானவை சென்ட்ரலுக்கு வருகின்றன. கிண்டியும் எழும்பூரும் பீச்–செங்கல்பட்டுப் பாதையில் இருக்கின்றன. திருவள்ளூரிலிருந்து சென்ட்ரலுக்கு 42 கி.மீ., ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கே இறங்கி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனுக்குப் போய் இன்னொரு லோக்கல் பிடிக்க வேண்டும். அல்லது சுரங்கத்தில் இறங்கி மெட்ரோ. எழும்பூருக்கு மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன்தான், உங்கள் மனைவி சமாளித்துவிடுவார். நீங்கள் கிண்டிக்கு வந்து சேர இன்னும் அரை மணி ஆகும். வண்டி மாறும் பயணத்தில் முதல் வண்டி பத்து நிமிடம் தாமதமானால் இரண்டாவது வண்டியும் போய்விடும். மாதத்தில் நான்கு நாள் இப்படி ஆனால் அலுவலகத்தில் உங்கள் பெயர் கெடும். அம்பத்தூரிலோ பெரம்பூரிலோ வேலை செய்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் திருவள்ளூர், திருநின்றவூர் பக்கம்தான் போகச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று, அந்தப் 'பஞ்சாயத்து அப்ரூவல்'. மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண் வேண்டும். 20-10-2016க்கு முன்பு மனையாகப் பதிவாகி, பிறகு வரன்முறைப்படுத்தப்பட்டதாக இருந்தால் அந்த ஆணையைக் காட்டட்டும். இரண்டும் இல்லாத மனையைப் பதிவு செய்வதே சிக்கல், வங்கியும் கடன் தராது. ₹34 லட்சம் என்ற விலையே அதனால்தான் வந்திருக்கும்.

மிச்சம் இரண்டு ஊர். இரண்டும் ஒரே பாதை என்பதால் ஒப்பிடுவது சுலபம். ஆனால் ரயில் நேரத்தை மட்டும் ஒப்பிடுவதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கூடுவாஞ்சேரி–கிண்டி லோக்கலில் சுமார் 45 நிமிடம். செங்கல்பட்டு–கிண்டி சுமார் ஒன்றே கால் மணி. அரை மணி மிச்சம் என்று தோன்றும். இப்போது வீட்டுக் கதவிலிருந்து கணக்குப் போடுங்கள். 4 கி.மீ. தள்ளி இருக்கும் ஃபிளாட்டிலிருந்து வண்டியை எடுத்து, ஜிஎஸ்டி ரோடு சிக்னலில் நின்று, ஸ்டேஷனில் பார்க்கிங் தேடி, நடைமேம்பாலம் ஏறி இறங்கிப் பிளாட்பாரத்துக்கு வர 25 நிமிடம் ஆகும். 25, 45, கிண்டியில் இறங்கி நடக்க 15: மொத்தம் 85. செங்கல்பட்டு ஃபிளாட்டில் 15, 75, 15: மொத்தம் 105. வித்தியாசம் 20 நிமிடம்தான்.

இந்த 20 நிமிடத்துக்கு விலை என்ன? ₹8 லட்சம் வித்தியாசத்துக்கு, 8.5% வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் ₹6,940 சொச்சம். ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷன் வந்தால் ஆளுக்கு ஒரு வழிக்கு ₹20 என்றாலும் இருவருக்கும் மாதம் ₹2,000. ஆக மாதம் ஏறக்குறைய ₹9,000 கூடுதலாகக் கொடுத்து ஆளுக்கு 20 நிமிடம் வாங்குகிறீர்கள், அதுவும் நின்றுகொண்டே போக. செங்கல்பட்டில் புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். கூடுவாஞ்சேரிக்கு வரும்போது காலை 7 மணிக்கு மேல் அதே வண்டியில் இருக்கை நிரம்பியிருக்கும்.

அப்படியானால் செங்கல்பட்டா? உங்களுக்கு மட்டும் என்றால் ஆமாம் என்றிருப்பேன். உங்கள் மனைவியின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு ரயிலில் மட்டும் ஒன்றரை மணியை ஒட்டி ஆகும். நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரம். அவர் காலை 7.50க்குக் கிளம்பி இரவு 8 மணிக்கு வீடு சேர்வார். நாலு வயதுப் பையன் 8.30க்குத் தூங்கிவிடுவான். இருவர் வேலைக்குப் போகும் வீட்டில், தூரம் அதிகமாகப் போகிறவரின் நேரத்தை வைத்துத்தான் ஊரைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் கணவரின் அலுவலகத்தை மையமாக வைத்து ஊர் பார்த்துவிட்டு, மனைவி 'எப்படியாவது போய்க்கொள்வார்' என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்றரை வருடத்தில் அவர் வேலையை விடுகிறார். உங்கள் வீட்டில் அது நடந்தால் தவணையே நிற்கும்.

செங்கல்பட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அது பழைய ஊர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நீதிமன்றம், கடைத்தெரு, நெடுநாள் பள்ளிகள் எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. 2019 நவம்பரில் தனி மாவட்டமான பிறகு ஆட்சியர் அலுவலகமும் வந்துவிட்டது. ராத்திரியில் அம்மாவுக்கு நெஞ்சு வலி என்றால் எங்கே போவது என்று யோசிக்க வேண்டாத ஊர். உங்கள் மனைவிக்கு எழும்பூருக்குப் பதில் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ வேலை மாற்றம் கிடைக்கும் வாய்ப்பிருந்தால் இந்தத் தீர்ப்பையே நான் மாற்றிச் சொல்வேன்.

இப்போது பணம். ₹46 லட்சம் ஃபிளாட்டுக்கு உங்கள் ₹12 லட்சம் போதும் என்று பில்டரின் ஆள் சொல்லியிருப்பார். ₹30 லட்சத்துக்கு மேல் ₹75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி மதிப்பில் 80% வரைதான் தரலாம். 46ல் 80% என்றால் ₹36.8 லட்சம். மீதி ₹9.2 லட்சம் உங்கள் கையிலிருந்து. புதிய ஃபிளாட்டின் முதல் விற்பனை, ₹50 லட்சத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 4%, பதிவுக் கட்டணம் 2%, அது ₹2.76 லட்சம். இது வரைக்கும் ₹11.96 லட்சம். அடடா, சரியாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், ஜிஎஸ்டி வரி பாக்கி இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 5%, அதாவது ₹2.3 லட்சம். ஆக ₹14.26 லட்சம் வேண்டும், உங்களிடம் 12தான். மரவேலை, மின்விசிறி, கிரில், வீடு மாறும் செலவு எதையும் இன்னும் தொடவில்லை. தவணை ₹31,900 சொச்சம் வரும். அதோடு, கட்டடம் முடியும்வரை ஆதம்பாக்கத்து வாடகை ₹18,000 ஒரு பக்கம், வங்கி விடுவித்த தொகைக்கு வட்டி இன்னொரு பக்கம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விலை ₹45 லட்சத்துக்குள்ளும், வீட்டுக்குள் புழங்கும் தரையான கார்பெட் பரப்பு 60 சதுர மீட்டருக்குள்ளும் (ஏறத்தாழ 646 சதுர அடி) இருந்தால் ஜிஎஸ்டி 5% இல்லை, 1%தான். உங்கள் ஃபிளாட் கார்பெட் அளவில் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் போடும் 'சேலபிள் ஏரியா'வில் பொதுச்சுவர், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் சேர்ந்திருக்கும். 900 சதுர அடி என்று விற்பது கார்பெட்டில் 640 பக்கம் நிற்கலாம். அப்படியானால் வெறும் ஒரு லட்ச ரூபாய் விலை வித்தியாசம் வரியில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் மாற்றுகிறது. கார் பார்க்கிங், கிளப் என்று தனித்தனியே போட்டு வாங்கும் தொகையும் மொத்த விலையில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். பணிநிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

உங்கள் வருமானத்துக்குத் தவணை ₹28,000க்கு மேல் போக வேண்டாம். ₹40 லட்சம் வீடு என்றால் கடன் ₹32 லட்சம், தவணை ₹27,770. கையிலிருந்து ₹8 லட்சம், பதிவுக்கு ₹2.4 லட்சம். ஒன்றரை லட்சம் மிஞ்சும். அதுவே கொஞ்சம்தான். மறுவிற்பனை வீட்டுக்குப் பதிவுச் செலவு 9% என்பதால் அங்கே ₹38 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு மருத்துவக் காப்பீட்டை வைத்துக்கொண்டு அம்மாவை வெளியே விட்டிருந்தால், வீட்டுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

ஆக நான் சொல்லும் தேடல் வட்டம் இது: ஊரப்பாக்கம் முதல் மறைமலை நகர் வரை, எந்த ஸ்டேஷனானாலும் அதிலிருந்து ஒரு கி.மீ.க்குள், ஐந்து முதல் பத்து வருடம் ஆன மறுவிற்பனை ஃபிளாட். கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷன் பக்கத்து வீடு என்றால் கிண்டிக்கு 75 நிமிடம், எழும்பூருக்கு ஒன்றரை மணி. புது டைல்ஸும் கிளப் ஹவுஸும் கிடைக்காது. பொத்தேரியைத் தவிர்க்கலாம், கல்லூரி மாணவர்களால் வாடகையும் விலையும் ஏறிய இடம். மறைமலை நகர் கூடுவாஞ்சேரியைவிடப் பத்து நிமிடம் தள்ளி; ஆனால் திட்டமிட்டுப் பிரித்த ஊர், தெரு நேராக இருக்கும், குழந்தை சைக்கிள் ஓட்டலாம். முகவரியில் என்.ஹெச்-1, என்.ஹெச்-2 என்று வருவதைப் பார்த்து நெடுஞ்சாலை ஓரம் என்று பயந்துவிடாதீர்கள், அது குடியிருப்புத் தொகுதியின் எண்.

'ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்' என்று எழுதியிருந்தால் நடந்து பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பைக்கில் அளந்தது. ஜிஎஸ்டி ரோடும் தண்டவாளமும் இந்த வழி முழுக்கப் பக்கம்பக்கமாகப் போகின்றன. வீடு ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம் என்றால் ஏழு வயதுப் பெண் தினம் இரண்டையும் தாண்ட வேண்டும். வீடும் பள்ளியும் ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வையுங்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரப்போகிறது என்பார்கள். வரும்போது நல்லதுதான், அதற்கான விலையை இன்றைக்கே கொடுக்காதீர்கள்.

பயணத்தைச் சோதிக்க ஒரு செவ்வாய்க்கிழமை போதும். இருவரும் விடுப்பு எடுக்காமல், முதல் நாள் இரவே அந்த ஊரில் உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கி, காலையில் அங்கிருந்து வேலைக்குப் போங்கள். பூட்டுப் போட்ட நேரம், பிளாட்பாரத்தில் கால் வைத்த நேரம், வண்டி வந்த நேரம், இருக்கையில் உட்கார்ந்த நேரம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வண்டியில் ஏற முடிந்ததா என்பது முக்கியம். உங்கள் மனைவி பெண்கள் பெட்டியில் தனியாக ஏறிப் பார்க்கட்டும். மாலை அதே மாதிரி திரும்புங்கள். ஒரு நாள் மத்தியானம் 12 மணிக்குக் கிண்டியிலிருந்து கிளம்பியும் பாருங்கள். பள்ளியிலிருந்து 'பையனுக்குக் காய்ச்சல்' என்று போன் வந்தால் நீங்கள் பிடிக்கப் போகும் வண்டி அதுதான். பீச்சில் கிளம்பும் வண்டிகளில் பெரும்பங்கு தாம்பரத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் உச்ச நேரம் தவிர இடைவெளி நீளம். ஞாயிறு அட்டவணை இன்னும் மெலிசு. பராமரிப்புக்கென்று வண்டிகளை ரத்து செய்வதும் வாரக்கடைசியில்தான் அதிகம்.

வெள்ளம் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது. அடையாறு தொடங்குவதே இந்தப் பக்கத்து ஆதனூர் ஏரி வட்டாரத்தில்தான். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்டது ஊருக்கே தெரியும். கூடுவாஞ்சேரியிலும் நந்திவரம் ஏரியின் கீழ்ப்பகுதி நகர்கள் மழைக்கு மழை தண்ணீரில் நிற்கின்றன. ஆகவே ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது, தெருவை வைத்துத்தான் பார்க்க வேண்டும். போய் நின்றதும் முதலில் வாசற்படியைப் பாருங்கள். ரோட்டிலிருந்து ஏறி உள்ளே போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா? பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டே உயர்த்திவிடுவதால் இருபது வருடத்து வீடுகள் பல தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. மழை நீர் முதலில் அங்கேதான் போகும். காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் பெயின்ட் உப்பி உரிந்து, அதற்கு மேல் நன்றாக இருக்கிறதா? பார்க்கிங்கில் மின்மீட்டர் பெட்டியை இடுப்புக்கு மேலே புதிதாக மாற்றி மாட்டியிருக்கிறார்களா? மோட்டாருக்கு மேடை கட்டியிருக்கிறார்களா? கேட்டின் இரண்டு பக்கத் தூணிலும் பலகை செருகக் காடி வெட்டியிருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். பிறகு தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், '2023 டிசம்பர் புயலுக்கு எத்தனை நாள் கடை போடவில்லை?' என்று. வீட்டுக்காரரும் தரகரும் சொல்லாததை அவர் நாள் கணக்கோடு சொல்வார்.

தண்ணீருக்கு இரண்டு கேள்வி. போர்வெல் எத்தனை அடி, கோடையில் மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள். இரண்டாவதற்குச் சங்கத்தின் ஏப்ரல், மே மாதக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வாய்வார்த்தை வேண்டாம். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிக்கும் நீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 1,500 காட்டினால் ஆர்.ஓ. மாட்டினாலும் ஹீட்டர் காயிலும் குழாயும் உப்பு படிந்து கெட்டுக்கொண்டே இருக்கும். பாதாளச் சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்கா என்றும் கேளுங்கள். டேங்க் என்றால் கழிவுநீர் லாரிச் செலவும் பராமரிப்புக் கட்டணத்தில் வரும்.

ஆவணங்கள் வழக்கமானவைதான்: தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம், பணிநிறைவுச் சான்று. வில்லங்கத்தையும் பட்டாவையும் நீங்களே இணையத்தில் எடுத்து, அவர்கள் தரும் நகலோடு சர்வே எண்ணை ஒப்பிடுங்கள். உட்பிரிவு எண்ணில் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் வக்கீலிடம் காட்டாமல் நகர வேண்டாம்.

ஆனால் இதெல்லாம் அடுத்த வருட வேலை. இப்போதைக்கு அந்த வட்டத்தில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் மாறுவது வசதி; சேர்க்கை விண்ணப்பத்தைப் பொங்கலை ஒட்டியே விசாரிக்கத் தொடங்குங்கள். அப்படி மாறினால் ஒரு கோடைத் தண்ணீர்ப் பஞ்சம், ஒரு வடகிழக்குப் பருவமழை இரண்டும் ஒப்பந்தம் முடிவதற்குள் கண்முன் வந்துவிடும். ஆதம்பாக்கத்தைவிட மாதம் ₹6,000 குறைவாகக் கிடைத்தாலே 11 மாதத்தில் ₹66,000 மிஞ்சும். உங்கள் மனைவிக்கு அந்தப் பயணம் ஒத்துவரவில்லை என்றால் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். வாங்கிய வீட்டை அப்படித் திருப்ப முடியாது. அம்மா விஷயத்தையும் இந்த வருடத்தில் பார்த்துவிடலாம்: லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வேண்டாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும்.

டோக்கன் ஒரு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். 'இரண்டு யூனிட்தான் பாக்கி' என்று அடுத்த மாதமும் சொல்வார்கள். வீட்டில் எல்லாருக்கும் அந்த ஃபிளாட்தான் பிடித்திருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை வாங்கி இணையதளத்தில் போட்டு, கட்டி முடிக்க வேண்டிய தேதியைப் பாருங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10%க்கு மேல் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ மட்டும் கொடுத்து, ரசீதில் 'வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முழுத்தொகையும் 30 நாளில் திரும்பத் தரப்படும்' என்று எழுதி வாங்குங்கள். அதை எழுத மறுத்தால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.